பகுதிநேரப் பாட்டுக்காரர்கள்

எழுபத்து நாலு வயதில் ஒருத்தர் என்ன செய்வார்? பேரனை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவார். மாதம் ஒருமுறை சுகர் டெஸ்ட். நேரம் மிச்சமிருந்தால் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம். நிக் மேஸன் என்ற இங்கிலாந்துக்காரர் அந்த வயதில், 2018 மே மாதத்தில், புதுசாக ஒரு பேண்ட் ஆரம்பித்தார். முதல் கச்சேரி லண்டன் காம்டனில் டிங்வால்ஸ் என்ற சின்ன அரங்கில்.

மேஸன் சான்ஸ் தேடி அலைந்த ஆசாமி இல்லை. பிங்க் ஃப்ளாய்டின் டிரம்மர். அந்தக் குழுவின் எல்லா ஆல்பங்களிலும் இருக்கிற ஒரே ஆள். 'டார்க் சைட் ஆஃப் த மூன்' (1973) உலகம் பூரா விற்று, பணத்துக்குப் பஞ்சமே இல்லாமல், பழைய ஃபெராரி கார்களைச் சேர்த்து ரேஸ் ஓட்டுகிறவர். கார் முழுநேரம், டிரம்ஸ் பகுதிநேரம் என்று சொன்னால் அவரே கோபித்துக்கொள்ள மாட்டார்.

கூட்டாளிகளும் சும்மா இருந்தவர்கள் இல்லை. கேரி கெம்ப், 1980-களில் கோட்டு சூட்டோடு காதல் பாட்டு பாடிய 'ஸ்பாண்டவ் பாலே' குழுவின் பாடலாசிரியர். கய் ப்ராட், 1987-க்குப் பிறகு ஃப்ளாய்டுக்கு பேஸ் கிதார் வாசித்தவர். லீ ஹாரிஸ், டாம் பெக்கன் என்று இன்னும் இரண்டு பேர். குழுவுக்கு வைத்த பெயர், ஃப்ளாய்டின் 1968 ஆல்பத்தின் பெயரான 'சாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'. வாசிப்பது 1973-க்கு முந்தைய பாட்டுகள் மட்டும். அதாவது, ஜனங்கள் டிக்கெட் வாங்கி வந்து கேட்க ஆசைப்படும் ஹிட்டுகள் எதுவும் கிடையாது. நம்ம ஊரில் இதைச் செய்தால் நாற்காலி பறக்கும்.

அந்த முந்தைய பாட்டுகள்தான் சைக்கடெலிக் ராக். பேரைக் கேட்டால் ஏதோ வியாதி போல இருக்கும். 1960-களின் பின்பாதியில் கிளம்பிய சமாச்சாரம். பாட்டு என்றால் மூணு நிமிஷத்தில் முடிந்துவிட வேண்டும் என்ற ரேடியோ சட்டத்தை உடைத்து, எக்கோவும் ஆர்கனும் கிதாரின் ஊளையுமாக இஷ்டத்துக்கு நீட்டினார்கள். மேடைக்குப் பின்னால் எண்ணெயும் சாயமும் கலந்து ஓடும் கலர் வெளிச்சம். நம் சிதாரின் பாதிப்பும் இருந்தது. போதைப் பொருளின் பாதிப்பும் இருந்தது, மறைப்பானேன். ஃப்ளாய்டை அந்தப் பாதையில் இழுத்துப்போன சிட் பாரெட், மனம் கலங்கி 1968-லேயே குழுவிலிருந்து விலக நேர்ந்தது. 2006-ல் இறந்துபோனார். அவர் எழுதியவற்றைப் பெரிய ஸ்டேடியங்களில் யாரும் அதிகம் வாசிக்கவில்லை. மேஸன் குழு தூசு தட்டி எடுத்தவற்றில் அந்தப் பாட்டுகளும் உண்டு.

2020-ல் வந்த அவர்களுடைய 'லைவ் அட் த ரவுண்ட்ஹவுஸ்' ஆல்பத்தைக் கேட்டால் ஒன்று புரிகிறது. வயசானவர்கள் வாசிப்பு போலவே இல்லை. தப்பு வந்தால் வரட்டும் என்ற காலேஜ் பையன்களின் தைரியம் இருக்கிறது. காரணம் எளிது. தோற்றால் நஷ்டம் இல்லை. கம்பெனி, கணக்கு, வக்கீல் எதுவும் தலைக்கு மேல் இல்லை. ஆனால் அதே ஆல்பத்தில் ஒரு குறையும் உண்டு. ஒரு புதுப் பாட்டுகூடக் கிடையாது. எல்லாம் ஐம்பது வருஷப் பழசு. நன்றாகப் பாலிஷ் போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த மாதிரி வேறு வேலை இருக்கிறவர்கள் சேர்ந்து நடத்தும் பகுதிநேரக் குழுக்களை எப்படி மதிப்பிடுவது? எனக்கு இரண்டு கேள்விகள் போதும். ஒன்று, முழுநேர வேலையில் செய்ய முடியாத எதை இங்கே செய்தார்கள்? இரண்டு, பாடி முடித்து அவரவர் வேலைக்குத் திரும்பும்போது யார் கையில் எதை விட்டுவிட்டுப் போனார்கள்? முதல் கேள்வியில் மேஸன் நல்ல மார்க்கில் பாஸ். இரண்டாவதில் பார்டர் பாஸ்.

இரண்டிலும் பாஸான ஒரு பாட்டு அதே வீட்டிலிருந்து வந்தது. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. ஆண்ட்ரி க்ளிவ்ன்யுக் என்ற உக்ரைன் பாடகர் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிப் படையில் சேர்ந்தார். கீவ் நகரத்துச் சதுக்கம் ஒன்றில், தோளில் துப்பாக்கியோடு, தங்கள் ஊரின் நூற்றாண்டுப் பழைய பாட்டு ஒன்றை வாத்தியமே இல்லாமல் பாடி இன்ஸ்டாகிராமில் போட்டார். அதை டேவிட் கில்மோர் பார்த்தார். மேஸனைக் கூப்பிட்டார். பல வருஷமாக மூடிக்கிடந்த பிங்க் ஃப்ளாய்ட் கடையை ஒரே ஒரு பாட்டுக்காகத் திறந்தார்கள். ஏப்ரலில் பாட்டு வெளிவந்தது, வருமானம் நிவாரணத்துக்குப் போனது.

அதில் கவனிக்க வேண்டியது, கில்மோர் பாடவில்லை. நல்ல குரல் உள்ள மனிதர், பாடியிருக்கலாம். துப்பாக்கி தூக்கிய ஆளின் குரலை அப்படியே நடுவில் வைத்து, அதைச் சுற்றித் தன் கிதாரை வாசித்தார். முன்வரிசை நாற்காலியை எழுந்து கொடுப்பது என்பார்களே, அது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

மதராஸில் ராக் கேட்டவர்களும் வாசித்தவர்களும் உண்டு. ஐ.ஐ.டி.யின் 'மார்டி க்ரா' விழா 1974-ல் தொடங்கியது, பிற்பாடு 'சாரங்' ஆனது. அங்கே கிதாரோடு ஆடிய பையன்கள் பிறகு வங்கிக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். கிதார் பரணுக்குப் போனது. ஆகவே, எழுபது வயது சைக்கடெலிக் ஜாம்பவான்கள் நாலு பேர் சேர்ந்து பழவேற்காட்டுக் கரையில் கச்சேரி செய்தார்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் நடக்காததை எழுத முடியாது. நடந்தது வேறு. அதுவும் ஒருவகைப் பகுதிநேரக் கூட்டணிதான்.

முதலில் 2015. சோஃபியா அஷ்ரஃப் விளம்பரத் துறையில் வாசகம் எழுதும் வேலை பார்த்தவர். அந்த வருஷம் ஜூலையில், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவு பற்றி ஒரு ராப் பாட்டுப் பாடினார். மெட்டு நிக்கி மினாஜ் என்ற அமெரிக்கப் பாடகியின் ஹிட் பாட்டிலிருந்து எடுத்தது. யூ-டியூபில் அது பற்றிக்கொண்டது. ஆலை 2001-லேயே மூடிவிட்டது, தொழிலாளர்கள் நியாயம் கேட்டு வருஷக்கணக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். 2016 மார்ச்சில் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டினால்தான் நடந்தது என்று சொன்னால் அந்தத் தொழிலாளர்களின் உழைப்புக்கு அவமரியாதை. ஆனால் கடைசிக் கட்டத்தில் தேரை நகர்த்திய கைகளில் ஒரு கை அந்தப் பாட்டு.

அந்த வீடியோவை எடுத்த ரதீந்திரன் பிரசாத் கேமராவை அடுத்து எண்ணூருக்குக் கொண்டுபோனார். 2017 ஜனவரியில் வந்தது 'சென்னை புறம்போக்குப் பாடல்'. எழுதியவர் கபேர் வாசுகி, நகரத்து ராக் மேடைகளில் கிதாரோடு தமிழில் பாடுகிறவர். மெட்டு போட்டவர் வயலின் வித்வான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார். பாடியவர் டி.எம். கிருஷ்ணா. பின்னால் நின்று வேலை பார்த்தது வெட்டிவேர் கலெக்டிவ் என்ற சுற்றுச்சூழல் தோழர்கள் கூட்டம். ஒரு ராக் பாடகர், ஒரு சபா வித்வான், ஒரு வயலின்காரர். இவர்களுக்கு முழுநேர வேலை வேறு, ரசிகர்கள் வேறு. ஒரே ஒரு பாட்டுக்காகச் சேர்ந்தார்கள்.

புறம்போக்கு என்பது முதலில் வருவாய்த்துறைச் சொல். பட்டா கிடையாது, வரி கிடையாது, ஊருக்குப் பொது. ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், சுடுகாடு எல்லாம் அதில் அடக்கம். அது எப்படியோ ஆட்டோ ஸ்டாண்டில் திட்டுகிற வார்த்தையாகிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாதது என்றால் யாருக்கும் வேண்டாதது என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொண்டோம். பாட்டு இந்த இடத்தில்தான் பிடிக்கிறது. எனக்கும் உனக்கும் தனியாகச் சொந்தமில்லை, அதனாலேயே நம் எல்லோருக்கும் வேண்டியது என்று திட்டை உரிமையாகத் திருப்பிப் போடுகிறது. 2015 வெள்ளத்தையும் ஞாபகப்படுத்துகிறது.

இசையாகக் கேட்டால், இதில் மிக நல்ல முடிவு கிருஷ்ணா கானா பாடகர் போல வேஷம் கட்டாததுதான். சென்னைத் தமிழ் என்றதும் தோளைக் குலுக்கிக் குரலைக் கரகரப்பாக்கும் சினிமா வழக்கம் இங்கே இல்லை. தனக்குத் தெரிந்த வேலையையே செய்கிறார். ஆனந்தபைரவியில் ஆரம்பித்து, ராகமாலிகையாக நகர்ந்து, கச்சேரிகளில் துக்கடாவுக்கு வரும் சிந்துபைரவியில் முடிக்கிறார். மீன் மார்க்கெட்டில் பேசுகிற சொற்கள் அதே உச்சரிப்போடு கமகத்தில் ஏறி உட்கார்கின்றன. முதல் தடவை கேட்கும்போது சிரிப்பு வரும். இரண்டாவது தடவை, ஏன் சிரித்தோம் என்று தோன்றும். இந்தச் சொற்கள் ராகத்துக்குத் தகுதியில்லை என்று நமக்குச் சொன்னது யார்? சபா மேடையில் முழுநேரமாக இருந்தபோது கேட்க முடியாத கேள்வி அது. முதல் கேள்விக்கு முழு மார்க் போடலாம்.

குறைகளும் சொல்ல வேண்டும். சில இடங்களில் ராகம் சொல்லைத் தின்றுவிடுகிறது. சாம்பல் படிந்த தரையில் முகமூடியோடு வித்வான் இருக்கும் காட்சி கண்ணை விட்டுப் போகாது, நிஜம். ஆனால் அதனாலேயே மூளையில் தங்குவது அவர் முகம். அந்தச் சாம்பலில் தினம் இறங்கி வலை போடுகிறவன் முகம் இல்லை. கில்மோர் எழுந்து கொடுத்த நாற்காலியில் இங்கே வித்வானே உட்கார்ந்துகொண்டார்.

எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக வடக்கே போனால் காட்டுப்பள்ளி. அதையும் தாண்டினால் பழவேற்காடு. தண்ணீர் எல்லாம் ஒன்றோடு ஒன்று தொடர்புடையது. எண்ணூரில் கொட்டியது எண்ணூரோடு நிற்காது என்பதை அங்கே எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார்.

பழவேற்காடு என்றால் நமக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரும். டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை, அவர்கள் கல்லறைகள், பூநாரை, வறுத்த இறால். நாட்டில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. அங்கிருந்துதான் ராக்கெட் போகிறது. ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கும் குப்பங்கள், முகத்துவாரம் மணலால் அடைபட்டுவிடாமல் இருக்கவேண்டுமே என்று வருஷா வருஷம் கவலைப்படுகின்றன. முகத்துவாரம் மூடினால் கடல் தண்ணீர் வராது. தண்ணீர் வராவிட்டால் இறால் வராது.

அந்த இறாலைப் பிடிக்க அங்கே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. பேர், 'பாடு'. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டினால் நல்ல வரத்து. எல்லோரும் ஒரே நாளில் போனால் அடிதடி. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று ஊர்கள் முறை வைத்துக்கொள்கின்றன. ஊருக்குள்ளே யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு வேறு இடம். ஏரிக்குப் பட்டா கிடையாது, முறைதான் உண்டு. புறம்போக்கை எப்படி நிர்வகிப்பது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

உடனே புல்லரித்துவிட வேண்டாம். அந்த முறைப் பட்டியலிலும் எல்லோருக்கும் இடமில்லை. குறிப்பிட்ட மீனவச் சாதிக்காரர்களுக்குத்தான். பின்னால் மீன்பிடிக்க வந்த மற்ற சாதிக்காரர்களுக்கும், தண்ணீரில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் அதில் பங்கு இல்லை என்ற வருத்தம் ரொம்ப நாளாக உண்டு. பொதுச் சொத்துக்கும் வாசற்கதவு இருக்கிறது, வாசலில் நிற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கர்நாடக சங்கீதமும் இப்படி ஒரு பாடுதான். டிசம்பர் மாதம், நல்ல நேரம், நல்ல சபா. யாருக்கு முறை என்று பட்டியல் இருக்கும். கிருஷ்ணா 2015-ல் இனி டிசம்பர் சீசனில் பாடுவதில்லை என்று அறிவித்தார். அதே வருஷம் பெசன்ட் நகர் பக்கத்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் பறையும் பரதமும் கச்சேரியும் ஒரே மேடையில் நடந்த விழாவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பிறகு 2024-ல் மியூசிக் அகாதமி அவருக்கே சங்கீத கலாநிதி கொடுத்ததும், அதற்காகக் கிளம்பிய சண்டையும் உங்களுக்குத் தெரியும்.

தமிழில் பாடு என்ற சொல்லுக்குத்தான் எத்தனை அர்த்தம். பாட்டுப் பாடு. படாத பாடு. பழவேற்காட்டில், வலை போடும் முறை. மூன்றும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் நடக்கிற இடம் மீனவக் குப்பம்தான். வலை இழுக்கும்போது பாடும் அம்பா பாட்டு நம் கடற்கரை முழுக்க இருந்த வழக்கம். ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் இழுத்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். அங்கே யாரும் பாடகர் இல்லை, எல்லோரும் பாடுவார்கள். பாட்டு நின்றால் வலையின் இழுப்பு குலையும். மோட்டார் வந்த பிறகு இழுக்கும் வேலை குறைந்தது, அதோடு பாட்டும் குறைந்தது. எந்த விமர்சகனும் கவனிக்காமல் கலைந்துபோன பகுதிநேர பேண்ட் அது.

சரி, பாடியதால் கழிமுகம் பிழைத்ததா?

பாட்டு வந்த அதே மாதம் 28-ம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியது. இளைஞர்கள் பிளாஸ்டிக் வாளியால் மொண்டு எடுத்ததை டி.வி.யில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்து, வலையும் படகும் கறுப்பாகின. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிவு. ராத்திரி வீட்டைவிட்டு ஓடினார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அதை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தைக் கேட்டதிலிருந்து பழவேற்காட்டுக் குப்பங்களுக்குத் தூக்கம் போயிற்று. கரை அரித்து முகத்துவாரம் கெட்டுவிடும் என்பது அவர்கள் பயம். ஆக, பாட்டு அணைக்கட்டு இல்லை. எண்ணெயை அது தடுக்காது. தடுக்கும் என்று பாடியவர்களும் சொல்லவில்லை.

அப்படியானால் இரண்டாவது கேள்வி. விட்டுவிட்டுப் போனது என்ன? ஒரு சொல். புறம்போக்கு என்ற சொல்லை இனி வெறும் திட்டாக மட்டும் கேட்பது கஷ்டம். கிருஷ்ணாவும் அதை வீடியோவோடு விட்டுவிடவில்லை, கச்சேரி மேடைகளில் தொடர்ந்து பாடியிருக்கிறார். ஏசி அரங்கில், கீர்த்தனைகளுக்கு நடுவே, எண்ணூர்ச் சாம்பல் வந்து உட்காருகிறது. கேட்கிறவர் நெளிகிறார். மேஸன் குழுவைக் கேட்கும்போது கிடைக்கும் சுகம் இதில் இல்லை. பகுதிநேரக் கூட்டணி ஒன்று பழைய இனிப்பைப் பங்கு வைக்காமல் புதுசாக ஒரு கசப்பை முழுநேர மேடைக்குக் கொண்டுபோயிருக்கிறது. அதற்காகவே இந்தப் பாட்டு மேஸனின் ஆல்பத்தைவிட ஒரு படி மேல் என்பேன். உக்ரைன் பாட்டைவிட ஒரு படி கீழ். காரணம் அந்த நாற்காலிதான்.

பேரும் புகழும் உள்ள மூத்த வித்வான்களும் கிதார்காரர்களும் இன்னும் பலமுறை இப்படிச் சேரட்டும். ஓய்வு நேரத்தில் செய்கிற நல்ல காரியம், முழுநேரத் தொழிலைவிட நிலைத்துவிடுவதும் உண்டு. ஆனால் அவர்கள் பாடிவிட்டுத் திருவான்மியூருக்கும் மயிலாப்பூருக்கும் திரும்பிவிடலாம். கோட்டைக்குப்பத்துக்காரருக்குத் திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. எண்ணெய் மிதந்தாலும் அதே தண்ணீரில்தான் காலையில் இறங்க வேண்டும். ஆகவே அடுத்த பாட்டில் எடுத்துக் கொடுப்பது அவராக இருக்கட்டும். வித்வான்கள் அம்பா பாட்டில் போல, வாங்கிப் பாடட்டும்.

முறைப்படி பார்த்தால், அடுத்த பாடு அவருடையது.